என் வீட்டுக்காரரைக் கரை சேர்த்தவர்களுக்கு

தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இருக்கிற எங்கள் சனங்களுக்கும், பேர்கூடச் சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன ஆடியில் என் வீட்டுக்காரர் செத்துப் பிழைத்தது உங்களுக்குத் தெரியும். என்ன நோய் என்றுதான் பலருக்குத் தெரியாது. விஷக்காய்ச்சல் என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள். அதனால் நடந்ததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

2014-இல் தென்கடலில் வலை இழுக்கும்போது அலை வல்லத்தைத் தூக்கிப் போட்டு, அவருடைய இடது விலா பலகையில் மோதியது. உள்ளே மண்ணீரல் கிழிந்துவிட்டது, எடுத்தால்தான் உயிர் என்றார்கள். எடுத்தார்கள், உயிரும் தங்கியது. அதற்காக அந்த ஆஸ்பத்திரியை இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது, "மண்ணீரல் இல்லாமலே வாழலாம், பயப்படாதீங்க" என்றதோடு சரி. தடுப்பூசி போடணும், காய்ச்சல் அடித்தால் ஓடி வரணும் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நடுக்கம் கண்டது. காய்ச்சல் மாத்திரையும் ரசமும் கொடுத்துப் படுக்க வைத்தேன். பதினோரு மணிக்கு வாந்தி, பிதற்றல். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால் கெண்டைக்காலில் நாவல்பழம் நசுக்கின மாதிரி திட்டுத் திட்டாக ஊதா நிறம். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தார். "பழைய ஆபரேசன் சீட்டை எடுத்தியா?" என்று அவர்தான் கேட்டார். டிரங்குப் பெட்டிக்கு அடியில், பாச்சை உருண்டை வாசத்தோடு கிடந்த அந்தக் காகிதத்தை எடுக்கச் சொன்ன அத்தைக்குத்தான் என் முதல் நன்றி.

ஆட்டோ அண்ணன் அன்றைக்கு எடுத்த எடுப்பில் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார். இன்றுவரை காசு வாங்கவில்லை.

அங்கே இரவுப் பணியில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. சட்டையைத் தூக்கி, வயிற்றில் நீளமாக ஓடுகிற தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். சீட்டைப் படித்தார். முகம் மாறிவிட்டது. "கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டு உடனே செஃப்ட்ரியாக்சோன் போடுங்க, ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம்" என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கத்தான் அந்த ரத்தம், கிருமியைக் கொல்லத்தான் அந்த ஊசியாம். இரண்டு பேரும் ஓடினதை நான் பார்த்தேன். அந்த முதல் ஊசிதான் ஆளை மதுரை வரைக்கும் கொண்டுவந்தது என்று பிறகு பெரிய டாக்டர் சொன்னார். அம்மா, உங்கள் பேரைக் கேட்கக்கூட அன்றைக்கு எனக்கு நிதானம் இல்லை.

108 வண்டித் தம்பிகள், வழி நெடுக பிரஷர் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். நன்றி. மதுரையில் 19 நாள். ஆறு நாள் செயற்கை சுவாசம், மூன்று முறை டயாலிசிஸ். ரத்தம் உறையாமல் போனபோது ஊரிலிருந்து பதினோரு பிள்ளைகள் வேன் பிடித்து வந்து நின்றீர்கள். தொழிலுக்குப் போகிற நாள் அது. ஒருநாள் பாட்டை விட்டுவிட்டு வந்தீர்கள்.

ரத்தத்தில் வளர்ந்த கிருமி நியூமோகாக்கஸ். இந்த மாதிரிக் கிருமிகளுக்கு மேலே வழுக்கலான ஓர் உறை இருக்குமாம். மற்ற காவல் எல்லாம் தாண்டி வழுக்கிக்கொண்டு போகிறதை ரத்தத்திலேயே வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரல். அது இல்லாத உடம்பில் சில மணி நேரத்திலேயே பெருகிவிடும். வைத்தியம் பார்த்தும் பாதிப் பேர் வரை பிழைப்பதில்லையாம். "பத்து வருசம் ஆச்சே டாக்டர்?" என்றேன். "முதல் இரண்டு மூணு வருசம் ஆபத்து அதிகம்மா, ஆனா ஆயுசு முழுக்க உண்டு" என்றார்.

வலது காலில் இரண்டு விரல் கறுத்துப்போய் எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஆள் இருக்கிறார். உடம்பு தேறினதும் நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் என்கிற இந்த உறைக் கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போட்டாயிற்று. ஃப்ளூ ஊசி வருசா வருசம். அன்றைக்குச் செய்தது அவசர ஆபரேசன் என்றாலும், அது முடிந்து இரண்டு வாரத்திலேயே இவற்றைப் போட்டிருக்கலாமாம். நாய் கடித்தாலும், மலேரியா வந்தாலும் இவரைப் போன்றவர்களுக்குக் கடுமையாக இருக்கும் என்றும் எச்சரித்தார்கள்.

வல்லத்துக்குச் சொந்தக்காரரான எங்கள் சம்மாட்டிக்கு என்ன சொல்ல? முன்பணத்தைக் கழிக்கவே இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த அமாக்சிசிலின் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரையை, காய்ச்சல் கண்டவுடன் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அட்டை வீட்டில் இருக்கிறது. இன்னொன்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, "மண்ணீரல் இல்லை" என்று பெரிதாக எழுதி, வல்லத்தில் ஜிபிஎஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மாட்டியே கட்டி வைத்திருக்கிறார்.

அதே மாதிரி இடது விலாவில் அடிபட்டு, வயிற்றில் தழும்போடு நம் கரையில் வேறு யாராவது இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு, ஊசி போட நானே கூட வருகிறேன்.