பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய குடும்ப செடான்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தவரோடு நின்றுவிடுகின்றன. சொகுசு தெரிவதோ பின்சீட்டில்தான். முன்சீட்டைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு, அதன் பின்னாலேயே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முழங்காலுக்கு இடம் தாராளமாக இருந்தும் சீட் தாழ்ந்து தொடைக்குத் தாங்கல் இல்லையென்றால், நீண்ட பயணத்தில் கால் மரத்துப்போகும்.

அடுத்தது டயர். 225/45 ஆர்18 என்றால் டயரின் அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், சக்கரம் 18 அங்குலம். அதன் பக்கச்சுவர் உயரம் சுமார் 101 மி.மீ.; 215/55 ஆர்17 டயருக்கு 118 மி.மீ. இந்த 17 மி.மீ. ரப்பர்தான் சாலைக்குழியின் அடியை வாங்கிக்கொள்கிறது. பெரிய அலாய் வீல் பார்வைக்கு அழகு, முதுகுக்கு அல்ல! சோதனை ஓட்டத்துக்கு முன் காற்றழுத்தத்தைக் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். காற்று கூடுதலாக இருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் தூக்கிப்போடும்.

நான்கு பேரை ஏற்றி, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். அடிப்பாகம் உரசுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். டிக்கி எத்தனை லிட்டர் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். மூடியின் வளைந்த கீல்கள் உள்ளே இறங்கிப் பெட்டிகளை நசுக்கும் கார்களும் உண்டு. மூடிப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்