‘இன்மை’ என்று நிரப்பிய கட்டம்

மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்கு முகம் தெரிந்திருக்கலாம், பெயர் தெரிந்திருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் அலுவலகக் கூட்டரங்கில் நீங்கள் மேசையைச் சுற்றி உட்காரும்போது, சுவரோர நாற்காலியில் கோப்புக் கட்டை மடியில் வைத்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவனாக இருந்தேன். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் நிவாரணத் தொகையான தீருதவியை வழங்கும் பிரிவில் எழுத்தராகவும், பிறகு கண்காணிப்பாளராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வட மாவட்டங்களில் ஒன்று என்பது போதும். உங்கள் முன் வைக்கப்பட்ட அறிக்கைகளில் பல என் கையால் தயாரானவை. அவற்றில் ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அறிக்கையின் முதல் பக்கம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். பதிவான வழக்குகள், தீருதவி வழங்கியவை, நிலுவை, தொகை லட்சத்தில். கூட்டத்தில் பேச்செல்லாம் அந்தப் பக்கத்தில்தான் நடக்கும். கடைசிப் பக்கத்தில், அநேகமாகத் தேநீர் வரும் நேரத்தில், இன்னொரு அட்டவணை வரும். ‘விதி 11-ன் கீழ் பயணப்படி, பராமரிப்புச் செலவு’ என்று தலைப்பு. அதற்கு நேரே ‘இன்மை’ என்று இருக்கும். நான் பார்த்த வருடங்களில் அந்தக் கட்டம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதிலும் இருந்திருக்காது.

அந்தச் சட்டத்தின் 1995-ம் வருட விதிகளில் இரண்டு கெடு இருக்கிறது. விதி 12-ன்படி உடனடித் தீருதவி ஏழு நாளுக்குள். விதி 11-ன்படி பயணப்படி உடனே, அதிகம் போனால் மூன்று நாளுக்குள். பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்தவர், சாட்சி என எல்லோருக்கும் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வர உண்மையான பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, அன்றைய நாளுக்கு விவசாயத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகை. பெண்ணாக இருந்தாலோ, 60 வயதைத் தாண்டியவராக இருந்தாலோ, தான் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம், அவருக்கும் உண்டு. முதல் கெடுவை எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவது கெடு ஒன்று இருப்பதே எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு கோப்பைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம்.

இருளர் அம்மா. ஐம்பதைத் தாண்டியிருக்கும். அரிசி ஆலையில் வேலை. கூலி பாக்கியைக் கேட்டதற்குச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அடித்திருக்கிறார்கள். கை முறிந்தது. எப்.ஐ.ஆர். போடவே ஒரு மாதம் ஆனது, ஏனென்றால் அவரிடம் சாதிச் சான்று இல்லை. பழங்குடியினருக்குச் சான்று கொடுக்கும் அதிகாரம் வட்டாட்சியருக்குக் கிடையாது, கோட்டாட்சியருக்குத்தான். ‘அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா’ என்று கேட்டால் இருளர் குடும்பத்தில் யாரிடம் இருக்கும்? பள்ளிக்கூடம் போனால்தானே சான்று வாங்குவார்கள். கடைசியில் கோட்டாட்சியர் நேரில் போய் விசாரித்துக் கொடுத்தார். அதன் பிறகே வன்கொடுமைச் சட்டப் பிரிவு சேர்ந்தது, எங்களுக்குக் கோப்பு வந்தது. முதல் தவணை 25 சதவீதத்தைத் தாமதமில்லாமல் கொடுத்தோம். காசோலை கொடுத்த அன்று போட்டோகூட எடுத்தார்கள்.

குற்றப்பத்திரிகை தாக்கலானதும் அடுத்த 50 சதவீதம். அந்த ஆணைத் தபால் ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று திரும்பி வந்தது. குடும்பம் வேறு தாலுகாவில் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. முன்பணம் வாங்கியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கிராம நிர்வாக அலுவலர் தேடிப் பிடித்துச் சொல்ல மூன்று மாதம். அதற்குள் மார்ச் 31 வந்து, ஒதுக்கீட்டில் மிச்சமிருந்ததைச் சரண்டர் செய்துவிட்டோம், அதாவது அரசுக்கே திருப்பிவிட்டோம். அடுத்த வருட ஒதுக்கீடு வந்த பிறகு திரும்பவும் பட்டியல் போட்டோம். இந்தத் திட்டத்தில் மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொள்வதால், வருடத் தொடக்கத்தில் பணம் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். வந்த பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்ற பயனீட்டுச் சான்று போகாமல் பணம் வராது; பணம் வராமல் எதைப் பயனீடு செய்வது என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

இது வரைக்கும் நடந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். அடுத்ததற்கு நான்தான் காரணம்.

சாட்சி விசாரணை தொடங்கியது. அந்த அம்மாவும் துணைக்குத் தங்கையும் சூளையிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்து போனார்கள். ஒரு வாய்தாவுக்கு இரண்டு பேருக்கும் போக வர 220 ரூபாய். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் வரவில்லை, நீதிபதி விடுப்பு, இப்படிப் பதினொரு வாய்தா. யாரோ ஒரு வழக்கறிஞர் சொல்லி, ஒரு நாள் அந்த அம்மா எங்கள் பிரிவுக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்த டிக்கெட்டுகளை என் மேசையில் கொட்டினார். கண்டக்டர் மெஷினில் அடித்துக் கொடுக்கும் டிக்கெட். வெயிலும் வேர்வையும் பட்டால் அதில் எழுத்து நிற்காது. பாதிக்கு மேல் வெள்ளைத் தாளாக இருந்தது.

“எல்லாத்தையும் எடுத்துத்தான் சார் வச்சிருக்கேன், எழுத்துதான் ஓடிப்போச்சு” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டிக்கெட்டுகளை ஒரு தாளில் வரிசையாக ஒட்டி, ‘பயணச்சீட்டுகள் தெளிவாக இல்லை, மேலும், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் உள்ள நிலையில் கோரிக்கை ஏற்கத்தக்கதா என்பது பரிசீலனைக்குரியது’ என்று குறிப்பு எழுதினேன். கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான். அவர் வந்தது வெளியூர் பஸ்ஸில். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தணிக்கையில் ஆட்சேபணை வந்தால் என் ஓய்வூதியத்தில் கை வைப்பார்களே என்ற பயம். 2,420 ரூபாய்க்கு.

விதியை இப்போது மறுபடி படித்துப் பார்க்கிறேன். ‘உண்மையான பஸ் கட்டணம்’ என்று இருக்கிறது. டிக்கெட்டை ஒட்டிக் கொண்டு வா என்று எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. எந்த ஊருக்கு என்ன கட்டணம் என்பதை டெப்போவில் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம்.

பன்னிரண்டாவது வாய்தாவுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பிறகு பிடிகட்டளை போட்டு அழைத்து வந்தார்கள். கூண்டில் ஏறி, தன்னை யார் அடித்தார்கள் என்று ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். பிறழ் சாட்சி. எதிரிகள் விடுதலை. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தால்தான் கடைசி 25 சதவீதம் என்பதால் அந்தத் தொகையும் மிச்சமானது. எங்கள் அறிக்கையில் அந்த வழக்கு ‘முடிவுற்றது’ என்ற கணக்கில் ஏறியது. பயணப்படிக் கட்டத்தில் வழக்கம் போல ‘இன்மை’.

பஸ் காசு கொடுத்திருந்தால் வழக்கு ஜெயித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சூளை முதலாளி என்ன சொன்னாரோ, ஆலைக்காரர் என்ன கொடுத்தாரோ, யாருக்குத் தெரியும். ஆனால் பதினொரு முறை நம்பி வந்தவரை அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து ஒருவர்கூட ‘வந்தீர்களே, இந்தாருங்கள் செலவுக்கு’ என்று சொல்லவில்லை.

கூட்டங்களில் வாச்சாத்தியைப் பற்றி அடிக்கடி பேசுவீர்கள். அந்த மலைவாழ் மக்கள் ஊரில் 1992 ஜூன் 20-ல் அரசு ஊழியர்களே நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பரில்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2023 செப்டம்பர் 29 வரை ஆனது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. பெருமைப்பட வேண்டிய தீர்ப்பு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே பாதிக்கப்பட்டது ஒரு முழு ஊர். பின்னால் மலைவாழ் மக்கள் சங்கம் நின்றது, ஒரு கட்சி நின்றது. ஊர் இல்லாமல், சூளைக்குச் சூளை மாறும் ஒற்றை இருளர் குடும்பத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? விதி 11 அவர்களுக்காகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2021-ல் நமது மாநிலத்தில் தீருதவியை உயர்த்தினார்கள். உச்சவரம்பு எட்டேகால் லட்சத்திலிருந்து 12 லட்சமானது. நல்லது. கோப்பு நகரும் பாதை மட்டும் மாறவில்லை.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த கூட்டத்தில் முதலில் கடைசிப் பக்கத்தை எடுங்கள். இந்தக் காலாண்டில் எத்தனை வழக்கில் சாட்சி விசாரணை நடந்தது, எத்தனை பேர் நீதிமன்றம் வந்தார்கள் என்று சிறப்பு அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘இன்மை’ என்று இருந்தால், எழுதியவரை எழுந்து நின்று விளக்கச் சொல்லுங்கள். சிறப்பு நீதிமன்றம் இருக்கும் இடத்திலேயே எப்போதும் கையில் இருக்கும்படி ஒரு சிறு தொகையை நிலை முன்பணமாக வைத்து, வருகைச் சான்றைக் காட்டியதும் அன்றைக்கே கையில் கொடுக்க முடியுமா என்று ஆட்சியரைக் கேளுங்கள். கருவூலத்திலிருந்து உடனே பணம் எடுக்க ஆட்சியருக்கு அதிகாரம் வழங்கலாம் என்று 2016 திருத்தத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் இருவரையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் காட்டும் அட்டவணையையும் பிரிக்கச் சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பழங்குடியினர் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும். கூட்டிக் காட்டினால் அவர்கள் வழக்கு கண்ணுக்கே தெரியாது. கூட்டிக் காட்டுவது எங்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

உங்களில் பழங்குடி சமூகத்திலிருந்து வந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. படிப்பறிவுள்ள அதிகாரிகள் நடுவில் எண்களைக் கேள்வி கேட்கத் தயக்கம் இருக்கும். தயங்காதீர்கள். அந்த எண்களைப் போடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று மேலே படித்தீர்களே.

அந்தக் கோப்பைக் குறைந்த காலம் வைத்திருக்கும் வகையில் முடித்து வைத்தேன். ஆனாலும் இன்னும் அழித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எண் வேண்டுமானால் உங்கள் குழுவின் முன் வந்து சொல்கிறேன். டிக்கெட் ஒட்டிய தாள், கோப்பில் வந்த தாள்களை வைக்கும் நடப்புப் பக்கத்தில் கடைசியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்