பருவ முடிவுக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பனிப்பருவம் நல்லபடியாக முடிகிறது. தேர்வுகளைப் பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள்; பனிச்சறுக்குப் போட்டிகளிலும் பதக்கங்கள் வந்தன. இசைக்குழுவுக்கும் பாராட்டுகள்.

எட்டாம் வகுப்பினர் நம் கார்மிஷ்-பார்ட்டென்கிர்ஷன் மண்ணின் பனிச்சறுக்கு வீராங்கனை மரியா ஹோஃப்ல்-ரீஷ் பற்றிக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். வான்கூவர் 2010 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், சோச்சி 2014-இல் ஒரு தங்கம், 2011-இல் அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வோனை மூன்றே புள்ளிகளில் முந்திப் பெற்ற உலகக் கோப்பை எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றோடு 2005-ஐயும் பாருங்கள். ஜனவரியில் அவருடைய ஒரு முழங்காலில், மூட்டை நிலையாகப் பிடித்திருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிந்தது, டிசம்பரில் மற்றதிலும். டூரின் 2006 ஒலிம்பிக் கைநழுவியது. வான்கூவர் தங்கம் வந்தது அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்து.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஏசிஎல் அறுவை சிகிச்சை முடிந்து நான்கைந்து மாதத்திலேயே "வலியே இல்லை, கேட் பயிற்சிக்கு (கம்பங்களுக்கிடையே வளைந்து சறுக்குவதற்கு) விடுங்கள்" என்று சிலர் கேட்கிறீர்கள். அந்த ஆவல் புரிகிறது. ஆனால் வலி போவது வேறு, தசைநார் உறுதிப்படுவது வேறு. கிழிந்ததற்குப் பதிலாக அறுவையில் பொருத்திய தசைநாண் முதலில் தன் பழைய உயிரணுக்களை இழந்து, புது ரத்த ஓட்டம் பெற்று, பிறகே மெல்ல இறுகுகிறது. முதல் சில மாதங்களில்தான் அது மிக வலுவிழந்திருக்கும். பிள்ளைக்குக் கால் சரியாகிவிட்டதாகத் தோன்றுவதும் அப்போதுதான். வளரும் வயதில் மறுபடி கிழியும் அபாயமும் அதிகம்.

ஆகவே பயிற்சிக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதமும் அறுவை மருத்துவரின் கடிதமும் வேண்டும். முழங்கால் முழுதாக நீள வேண்டும், உடற்பயிற்சிக்குப் பின் வீங்கக் கூடாது. தொடைத் தசை வலுவும் ஒற்றைக்கால் தாவல் தூரமும் மறுகாலின் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். ஓய்வில் நல்ல காலும் மெலிந்துவிடும் என்பதால், பருவத் தொடக்கத்தில் எடுத்த அளவோடும் ஒப்பிடுவோம். முதலில் சமன்செய்த இளஞ்சரிவு, அடுத்து நுட்பப் பயிற்சி, பின்பு கேட், அதிவேகமாகச் சரிவில் இறங்கும் டவுன்ஹில் கடைசி. அதற்குள் எடையும் பூட்ஸ் அளவும் மாறியிருக்கும். பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைத்து, விழும்போது விடுவிக்கும் பைண்டிங்கின் விடுவிப்பு அளவைப் பட்டறையில் கருவி வைத்துச் சோதித்துத் திருத்துங்கள், வீட்டில் ஸ்க்ரூடிரைவரால் இறுக்காதீர்கள்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் பிள்ளையைப் பாதையில் இறக்க மாட்டோம். பயிற்சியாளரைத் தனியே அழைத்து வற்புறுத்துவதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள். முடிவு அவருடையது மட்டுமல்ல, பள்ளியினுடையது.

விடியுமுன் எழுந்து வண்டியோட்டுகிறீர்கள், பிசியோதெரபி அறைகளில் பொறுமையாகக் காத்திருக்கிறீர்கள். அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. ஐயம் இருந்தால் நேரில் வாருங்கள். அளவுகளை வைத்துக்கொண்டே பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்