அக்டோபர் 2 கிராம சபையில் கூரையைப் பற்றிப் பேசுங்கள்

நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோர ஊராட்சிகளில் கிராம சபைக்கு வரும் ஊர் மக்களுக்கும், ஊராட்சி செயலர்களுக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. வானிலை மையம் பல நாள் முன்பே சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் முகாமுக்குப் போய் உயிர் தப்பினார்கள். ஆனால் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. உயிரைக் காப்பாற்றப் பழகிவிட்டோம். வீட்டைக் காப்பாற்ற இன்னும் பழகவில்லை. கரை கடப்பதற்கு 48 மணி நேரம் முன்பு ஓர் எச்சரிக்கை வரும், 24 மணி நேரம் முன்பு இன்னொன்று வரும். அந்த இரண்டு நாளில் ஆசாரி கிடைக்க மாட்டார், கடையில் போல்ட் தீர்ந்துவிடும், மழையில் நனைந்த கூரை ஷீட் மேல் யாரும் ஏறவும் கூடாது. கூரை வேலை அக்டோபரிலேயே முடிய வேண்டும். அதனால்தான் அக்டோபர் 2 கூட்டத்தை முன்வைத்து எழுதுகிறோம்.

காற்று வேகமாக மேலே கடக்கும்போது கூரையை உயரே இழுக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இழுவை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் இன்னும் அதிகம். 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு ஷீட்டை 200 கிலோ அளவுக்குத் தூக்கும். அதன் மேல் 30 கிலோ மணல் மூட்டை ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் பொருளில்லை. தனியாக வைத்த செங்கல்லும் கல்லும் மூட்டையைவிட மோசம். அவை பக்கத்து வீட்டுக்காரர் தலையில் போய் விழும். மூட்டை வைத்தே ஆகவேண்டுமென்றால், இரண்டிரண்டாகக் கயிற்றில் இணைத்து, முகட்டின் இருபுறமும் தொங்கும்படி, ரீப்பர் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருக்கும் இடத்தின் மேல் வையுங்கள். ஆனால் ஷீட்டைப் பிடித்து நிறுத்துவது, கொக்கிபோல் வளைந்து அதை ரீப்பரோடு இறுக்கும் ஜே போல்ட்தான்.

ஆணி அடித்த ஷீட் முதல் வலுவான காற்றிலேயே பிடுங்கிக்கொண்டு போகும். ஓரங்களிலும் முகட்டிலும் ஷீட்டின் நெளிவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டுக்கு ஜே போல்ட் வேண்டும். நடுப்பகுதிக்கு மூன்று மேட்டுக்கு ஒன்று போதும். துளை மேட்டில்தான் இருக்க வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஒழுகும், ஒழுகினால் போல்ட் துருப்பிடிக்கும். இரும்பு வாசருக்கு அடியில் தார் வாசர் கட்டாயம். கடல் காற்று படும் ஊரில் பழைய போல்ட்டை ஸ்பானரால் லேசாகத் திருகிப் பாருங்கள், பாதிப் போல்ட் கையோடு வந்துவிடும். அடுத்து ரீப்பரை அதற்கு அடியில் சாய்வாக ஓடும் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் கைமரம் சுவர் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருந்தால் ஷீட் போல்ட்டை விடாமல், கூரை மொத்தமும் மரத்தோடு சேர்ந்து எழும்பும். 4 மில்லிமீட்டர் ஜி.ஐ. கம்பியோ இரும்புப் பட்டையோ கொண்டு ஒவ்வொரு கைமரத்தையும் சுவருக்குள் பதித்த கொக்கியில் இறுக்குவது ஒரு நாள் வேலை. ஓட்டு வீட்டில் முகடு, தாழ்வாரம், பக்க ஓரம் மூன்றிலும் ஓடுகளைச் சிமென்ட் கலவையால் பிடிக்க வையுங்கள். கீற்று வீட்டுக்கு வலையோ கயிறோ போட்டு முளையடித்துக் கட்டினால் கீற்று கொஞ்சம் மிஞ்சும். ஆட்கள் அதற்குள் தங்குவது எக்காரணம் கொண்டும் கூடாது.

இதைத் தனித்தனி வீடாகச் செய்தால் செலவு கைமீறும். ஊராட்சியே கணக்கெடுத்து, போல்ட்டும் வாசரும் கம்பியும் மொத்தமாக வாங்கி, இரண்டு மூன்று ஆசாரிகளைத் தெருத்தெருவாக அனுப்பலாம். முதியோர் தனியாக இருக்கும் வீடு, பெண் தலைமையிலான வீடு, இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு, ஆபத்தானதும்கூட. உள்ளே நுழையும் காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும். எல்லாக் கதவையும் அடைத்துத் தாழிடுங்கள். மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பி வைத்தால் 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடையோடு நிற்கும், காலியாக இருந்தால் பறக்கும். திடீரெனக் காற்று நின்றால் புயலின் கண் மேலே இருக்கக்கூடும். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும், வெளியே வராதீர்கள். மாடுகளைக் கொட்டகையில் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிடுங்கள். வீட்டை ஒட்டிய தென்னையில் முற்றிய காய்களையும் அடி மட்டைகளையும் முன்பே இறக்குங்கள்.

தண்ணீர் அடுத்த பெரிய விஷயம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 175 லிட்டர் மூடிய பாத்திரத்தில் வேண்டும். அதற்குப் பிறகு மேல்நிலைத் தொட்டிதான் கதி. மின்சாரம் இல்லாமல் அது நிரம்பாது. புயலுக்குப் பிறகு ஜெனரேட்டர் வாடகை எவ்வளவு ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். செப்டம்பரிலேயே வாடகை பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 5 ஹெச்.பி. மோட்டாருக்கு 15 கே.வி.ஏ. அளவாவது பாருங்கள். ஒரு ஜெனரேட்டரை முறைவைத்து நான்கைந்து தொட்டிகளுக்குக் கொண்டுபோகலாம். வெளி மின் இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்தால் மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பி ஏறும், கம்பியைச் சரிசெய்யும் லைன்மேன் அதில் இறந்துபோவார். இந்த ஒன்றில் மட்டும் யாருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள்.

தொட்டித் தண்ணீரில் கிருமி நீக்கப் பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம்; 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள். பிரித்து வைத்த பழைய மூட்டையில் குளோரின் போயிருக்கும், அதை நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு ஊராட்சியிலும் பெட்ரோல் ரம்பம் ஒன்றும், மாற்றுச் சங்கிலியும், 10 லிட்டர் எரிபொருளும், ஓட்டத் தெரிந்த இருவரும் தயாராக இருக்க வேண்டும். சாலையில் மரம் விழுந்தால் 108 வண்டி ஊருக்குள் வர முடியாது. கிராம செவிலியரிடம் பேசி, பிரசவ நாள் நெருங்கியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் பட்டியலை இப்போதே எழுதுங்கள். முதல் இரு பிரிவினரை எச்சரிக்கை வந்ததும் மருத்துவமனை உள்ள ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்பானையில் குளிர்ச்சியாக வைக்கலாம்.

தீர்மானத்தில் "தேவையான நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். எந்தத் தெருவில் எத்தனை கூரை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். அக்டோபர் 20-க்குள் ஒருமுறை போய்ப் பார்த்து, முடிந்த வீட்டுக்கு எதிரே குறியிட்டு, நவம்பர் 1 கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசியுங்கள்.

இப்படிக்கு,
கட்டட வேலை, மின்பணி, குடிநீர், நலவாழ்வுப் பணிகளில் உள்ள டெல்டா ஊர்க்காரர்கள்