நம் ஊர் ரோட்டில் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பகுதியில், ஏற்கெனவே ஓடிய சொகுசு செடான் கார்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பி.எம்.டபிள்யூ. 320டி, மெர்சிடிஸ் பென்ஸ் சி220டி இரண்டையும் ஒப்பிட்டு, எது நூறு கிலோமீட்டர் வேகத்தை முதலில் தொடும், எதன் ஸ்டியரிங் கைக்கு நன்றாகப் பேசும், எதன் திரை பெரியது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். ஒரு வரி விடாமல் படித்தேன். இதே இரண்டு கார்களில் எதை எடுப்பது என்று நானும் பல மாதம் யோசித்திருக்கிறேன். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் தினமும் ஓட்டப்போகிற ஒருவர் அந்தக் கட்டுரையை மட்டும் நம்பி முடிவெடுத்தால், அவருக்குத் தெரிய வேண்டியதில் பாதி தெரியாமலே போய்விடும். அந்தப் பாதியை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நான் மயக்க மருத்துவர். வீடு தக்கலையில். மார்த்தாண்டம், கருங்கல், திங்கள்நகர், நாகர்கோவில் என்று எங்கே ஆபரேஷன் இருக்கிறதோ அங்கே போவேன். அவசர சிசேரியன் என்று இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். டிரைவர் கிடையாது. கார் உடனே கிளம்ப வேண்டும், வழியில் நிற்கக் கூடாது, போய் இறங்கும்போது என் கையும் முதுகும் வேலை செய்கிற நிலையில் இருக்க வேண்டும். காரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

"அப்படியானால் உயரமான வண்டி எடுக்க வேண்டியதுதானே டாக்டரம்மா" என்று எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சுங்கான்கடை, வில்லுக்குறி, அழகியமண்டபம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 66-ல் வளைவுக்கு மேல் வளைவு. எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, மீண்டும் ரோட்டுக்கு ஏறி, அடுத்த வளைவில் பிரேக் பிடித்து என்று ஓட்டும்போது, தரையோடு ஒட்டி நிற்கிற செடான் தரும் நிதானம் உயரமான வண்டியில் எனக்குக் கிடைக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த நிதானம் பெரிய விஷயம். பாதுகாப்பிலும் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவில் நடக்கும் என்கேப் மோதல் சோதனையில் நான் பார்த்த 320டி சேர்ந்த தலைமுறை 3 சீரீஸ் 2012-லும், சி220டி சேர்ந்த தலைமுறை சி கிளாஸ் 2014-லும் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை.

சரி, இரண்டில் எது? எஞ்சினை வைத்து முடிவு செய்ய வழியே இல்லை. நான் பார்த்த 320டி 2018 மாடல், 190 குதிரைசக்தி. சி220டி 2019 மாடல், 194. இரண்டிலும் இழுவிசை 400 நியூட்டன் மீட்டர், இரண்டும் பின்சக்கரம் இழுக்கும் வண்டி. ஒன்றில் எட்டு கியர், மற்றதில் ஒன்பது. தக்கலைச் சந்தையைத் தாண்டுவதற்குள் இந்த வித்தியாசமெல்லாம் மறந்துபோகும். மறக்க முடியாத வித்தியாசம் டயரில் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

320டி-யில் கம்பெனி போட்டுக் கொடுப்பது ரன்-ஃபிளாட் டயர். பக்கச்சுவர் தடிமனாக இருக்கும். காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் அப்படியே ஓட்டலாம். ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் தனியாக ஓட்டும் ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன வேண்டும்? இந்த ஒரு காரணத்துக்காகவே 320டி-யை எடுத்துவிடலாம் என்று கொஞ்சநாள் உறுதியாக இருந்தேன். அப்புறம்தான் தக்கலையில் எனக்குத் தெரிந்த டயர் கடைக்காரர் மறுபக்கத்தைச் சொன்னார். அந்தத் தடித்த பக்கச்சுவர் பள்ளத்தின் அடியை உள்வாங்காது, அப்படியே மேலே அனுப்பிவிடும். கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் வேகமாக இறங்கினால் ரிம் வளையும், டயரின் பக்கவாட்டில் புடைப்பு வரும். புடைத்த டயரைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. அதே அளவு ரன்-ஃபிளாட் டயர் உள்ளூர்க் கடைகளில் கையிருப்பில் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும், விலையும் சாதாரண டயரைவிட நன்றாகவே கூடுதல். காற்று இல்லாமல் ஓட்டி வந்த டயரை ஒட்டிக் கொடுக்கவும் பல கடைக்காரர்கள் தயங்குவார்கள். உள்சுவர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று வெளியே தெரியாதே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நம் ரோட்டோரத்தை நினைத்துப் பாருங்கள். தார் முடியும் இடத்தில் செம்மண் அரித்து அரையடி இறங்கியிருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நின்று, பள்ளமும் ரோடும் ஒரே மட்டமாகத் தெரியும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு முக்கியமாக ஒரு பருவமழை என்றால் நமக்கு இரண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஒரு மழையில் பெயர்ந்த ரோட்டுக்கு ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இந்த ரோட்டில் நான் பயப்படுவது ஆணிக்கு இல்லை. ஆணி ஏறினால் சாதாரண டியூப்லெஸ் டயரிலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், காரும் காற்றழுத்தம் குறைகிறது என்று எச்சரித்துவிடும். பயமெல்லாம் பள்ளத்தின் விளிம்புக்குத்தான். அந்த அடியைச் சாதாரண டயர் கொஞ்சமாவது தாங்கும். சி220டி-யில் சாதாரண டயர், டிக்கியில் ஒல்லியான ஸ்டெப்னி. அந்த ஸ்டெப்னி டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டு கிடப்பது உண்மைதான். என் மருத்துவப் பெட்டியை முன்சீட்டில் வைத்துக்கொள்கிறேன், எனக்கு அது குறையில்லை. கூடவே காரின் சாக்கெட்டில் சொருகிக் காற்றடிக்கும் சின்ன பம்ப் ஒன்றும் டிக்கியில் இருக்கிறது.

320டி-யை வாங்கி, நான்கு டயரையும் சாதாரண டயராக மாற்றி, ஸ்டெப்னி ஒன்று தனியாகச் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்வதானால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓட்டும் சுகத்தில் 320டி-க்குத்தான் என் ஓட்டு, மறைக்கவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே, பக்கவாட்டுக் காற்று மற்ற வண்டிகளை அசைத்துப் பார்க்கும் இடத்தில்கூட அது கோடு போட்டதுபோல் போனது. தினமும் காவல்கிணறு போய் நான்குவழிச் சாலையில் திருநெல்வேலி வரை ஓட்டுகிறவராக இருந்தால் நானே அதைத்தான் எடுக்கச் சொல்வேன். என் ஓட்டமோ மேற்கே. அதனால் சி220டி-யை எடுத்தேன்.

இரண்டுமே டீசல் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் காலத்து டீசல் கார்களின் புகைவழியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. கார் ஒரே வேகத்தில் கொஞ்சநேரம் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து போகும். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அவ்வப்போது நான்குவழிச் சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் போகிற பழக்கத்தை நான் அதற்காகவே வைத்திருக்கிறேன். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் எஞ்சின் உள்ளதைத் தேடுவது நல்லது.

அடுத்து, காரின் பூர்வீகம். விலை குறைவாக நமக்குக் காட்டப்படும் சொகுசு கார்களில் நிறைய கேரளப் பதிவு எண் உள்ளவை. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த பெருவெள்ளத்தை மறக்கக் கூடாது. சென்னைக் கார் என்றால் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நினைவில் இருக்க வேண்டும். இந்தக் கார்களில் மின்னணுப் பெட்டிகள் தரைவிரிப்புக்கு அடியிலும் டிக்கியிலும் இருக்கின்றன. 320டி-யில் பேட்டரியே டிக்கியில்தான். தண்ணீரில் நின்ற கார் ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கைவிரிக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுற்றியிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போன்ற இரும்பில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். வாங்கச் சொல்லி அவசரப்படுத்துகிற தரகர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கிலோமீட்டர் விஷயமும் அப்படித்தான். ஒரு தரகர் காட்டிய காரில் மீட்டர் ஐம்பதாயிரத்துக்குள் காட்டியது, கம்பெனி சர்வீஸ் பதிவில் அதைவிட மிக அதிகம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பதிவேட்டைக் கேட்டதால்தான் அது தெரிந்தது. இந்தக் கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும், பி.எம்.டபிள்யூ.வில் சாவியிலும்கூடப் பதிந்திருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தந்தக் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கே காரைக் கொண்டுபோய் ஸ்கேன் செய்யக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தக் காரை அதோடு விட்டுவிடலாம். பழைய 320டி பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 2015-க்கு முந்தைய கார்களில் இருக்கும் என்47 எஞ்சினில், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் தேய்வது பலரும் அறிந்த குறை. செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருப்பதால், மாற்றுவது பெரிய வேலை. ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கமிருந்து உராய்கிற சத்தம் வந்தால் விலகிவிடுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிமாநிலக் காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும், வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். சொகுசு காருக்கு அது சின்னத் தொகை இல்லை. விலை மலிவு என்று நினைத்தது அங்கேயே சமமாகிவிடலாம். பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, கடன் இருந்திருந்தால் அது முடிந்ததைக் காட்ட வங்கி கொடுக்கும் படிவம் 35, இவை கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்சை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்கிய பிறகு நம் ஊர்க்காற்றும் மழையும் செய்கிற வேலை தனி. மழைக்காலத்தில் தோல் சீட்டில் பூஞ்சை படரும், வாரம் ஒருமுறையாவது கதவைத் திறந்துவைத்துத் துடைக்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் நிறுத்துகிறவர்கள் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலி வயரைக் கடிக்கும், சொகுசு காரில் ஒரு வயர்க்கட்டு போனால் அந்த மாதச் சம்பளம் போச்சு. சர்வீசுக்கு நான் திருவனந்தபுரம் போகிறேன். தக்கலையிலிருந்து தூரம் அதிகமில்லை, ஆனால் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் காலை முழுக்கப் போய்விடும். அந்த நாளுக்கு ஆபரேஷன் எதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

கடைசியாக, காரோடு சேர்ந்த ஒரு பொதுப் பிரச்சினை. இரண்டு காருக்கும் அடி தாழ்வு. நாலு பேர் ஏறினால் நம் கிராமச் சாலைகளின் வேகத்தடைகளில் அடி இடிக்கும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமாக, நடுவில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளைந்து ஏறி இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் எந்த வண்டியும் நோகாமல் கடக்கலாம். எங்கள் பக்கத்தில் உட்சாலைகளில் இருப்பவை ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. பெயின்ட் இல்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை. சொகுசு காரின் அடி உரசுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் மயக்க மருந்து கொடுக்கும் எலும்பு ஆபரேஷன்களில், இருட்டில் தெரியாத வேகத்தடையில் பைக்கோடு தூக்கி எறியப்பட்டவர்களை மறுபடி மறுபடி பார்க்கிறேன். பின்சீட்டில் இருந்த அம்மாமார்தான் அதிகம். ஆம்புலன்சில் வரும் கர்ப்பிணிகளும் இதே தடைகளைத் தாண்டித்தான் வருகிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வாகனப் பகுதி நிருபரைத் தென்மேற்குப் பருவமழை நேரத்தில் இந்த மாவட்டத்துக்கு அனுப்புங்கள். கருங்கலிலிருந்து திங்கள்நகர் வழியாகத் தக்கலைக்கு இரவில் ஒரு செடானை ஓட்டச் சொல்லுங்கள். கையில் ஒரு அளவு நாடாவும் கொடுத்துவிடுங்கள். காரைப் பற்றி எழுதும் அதே பக்கத்தில் வழியில் அளந்த வேகத்தடைகளின் உயரத்தையும் அகலத்தையும் இடம் குறித்து வெளியிட்டால், அதை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குப் போக நான் தயார். என்னோடு வருவதாக இங்குள்ள எலும்பு மருத்துவர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மயக்க மருத்துவர் ஒருவர்,
தக்கலை.