ஸ்கேன் வசதி வட்டாரத்துக்கே வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹெபடைட்டிஸ் பி கிருமியால் கல்லீரல் சுருங்கியவர்களில் சிலர், வயிற்று நீர் வற்றிக் கால் வீக்கம் வடிந்ததும், அக்கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிச் சாற்றை நம்பத் தொடங்குவதை எங்கள் மேலூர்ப் பக்கத்தில் காண்கிறேன். அடங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகினால் கல்லீரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விடாமல் உட்கொண்டவர்களின் நிலையோ வேறு: 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சுருக்கம் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாண்டுச் சிகிச்சைக்குப் பின் அது பின்வாங்கியிருந்தது. ஹெபடைட்டிஸ் சி என்றால், பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளே போதும்.

ஆனால் சுருக்கம் ஏற்பட்ட கல்லீரலில் புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர அற்றுப்போகாது என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசம். ஸ்கேனுக்காக ஒரு நாள் கூலியை இழந்து மதுரைக்கு அலைவதுதான் (அதுவும் நடவு, அறுப்புக் காலத்தில்) பலருக்கு முடிவதில்லை. தாலுகா அரசு மருத்துவமனைகளிலேயே இதற்கென மாதம் ஒரு நாளை ஒதுக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், மேலூர்.