பாம்புக்குப் பால் வைக்கச் சொன்னவளுக்கு

காத்ர் போர்ன், மொரீஷியஸ்
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். இருந்தும் கோர் தே கார்த் மலை முருகனைப் பார்க்க அத்தனை படியும் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். நீ ஒரு வார்த்தை சொல்லிப் பார். நான் சொன்னால் எடுபடுவதில்லை.

நேற்று தொலைபேசியில் நீ கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். புயலன்று நான் சொன்ன குகைக் கதையைப் பேரனுக்குச் சொன்னாயாம். அவன் "அதை நான் விளையாட வேண்டும்" என்று நிற்கிறானாம். மீதிக் கதையைச் சொல்லுங்கள் என்றாய். இத்தனை வருடமும் அது நான் கட்டிய கதை என்றே நீ நினைத்திருக்கிறாய் என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது. அது என் சரக்கு இல்லையம்மா. கொலோசல் கேவ் அட்வென்ச்சர் என்ற கணினி விளையாட்டு. அசலை இன்றும் விளையாடலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1994 பிப்ரவரி, ஹோலண்டா புயல். உனக்கு எட்டு வயது. நான்காம் நிலை எச்சரிக்கை கொடுத்து, கதவு ஜன்னலெல்லாம் பலகை அடித்து உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் போய்விட்டது. கூரைத் தகரம் அடித்துக்கொள்கிற சத்தத்தில் நீ காதைப் பொத்திக்கொண்டு அழுதாய். உன்னை எப்படிச் சமாதானம் செய்வது என்று தெரியாமல், மண்ணெண்ணெய் விளக்கை நடுவில் வைத்து, "நான்தான் கணினி, நீ கட்டளை போடு" என்றேன். நான் தமிழில் இடத்தை வர்ணிப்பேன்: ஒரு சாலை முடிகிறது, எதிரே சிறிய செங்கல் வீடு, சுற்றிலும் காடு, வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஓடை வெளியே ஓடுகிறது. நீ நம் தீவின் கிரியோல் மொழியில் உத்தரவு போடுவாய். "ப்ரான் லாலாம்ப்!" விளக்கை எடு. எடுத்தாயிற்று. இரவு இரண்டு மணி வரை குகைக்குள் சுற்றினோம்.

அந்த விளையாட்டு எனக்குக் கிடைத்தது ஆலைக் கணக்குப் பிரிவில், எண்பதுகளின் கடைசியில். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் ஒரு பிளாப்பி வட்டில் கொண்டுவந்தார். மதிய இடைவேளையில் ரகசியமாக ஆடுவோம். படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து வரும். நாம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் மேலதிகாரி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். சாவி, விளக்கு, உணவு, தண்ணீர் பாட்டில் என்று ஒரு பட்டியல். "என்ன இது?" என்றார். "இன்வென்டரி, ஐயா" என்றேன். நான் அடித்திருந்த கட்டளையே அதுதான், கையிருப்பைக் காட்டு என்று அர்த்தம், ஆகவே பொய் சொன்ன பாவம் என்னைச் சேராது.

இதை முதலில் எழுதியவர் வில் கிரௌதர் என்ற அமெரிக்கர். மாசசூசெட்ஸில் இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டைக் கட்டியவர்களில் ஒருவர். அலுவலகம் விட்டால் குகை ஏறி இறங்குகிறவர். அவரும் மனைவியும் கென்டக்கி மாநிலத்து மாமத் குகையை அளந்து வரைபடம் போட்டவர்கள். பிறகு இருவரும் பிரிந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள். அந்தக் குழந்தைகள் ஆடுவதற்காக, தான் நடந்த குகையையே சொற்களால் கட்டி 1975, 76 வாக்கில் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதினார். கணினி தெரியாதவர்களும் பயப்படாமல் ஆட வேண்டும் என்பதற்காகச் சாதாரணச் சொற்களாலேயே கட்டளை இருக்கும்படி செய்தார். அடுத்த வருடம் ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் என்ற இளைஞர் தற்செயலாக அதைக் கண்டு, விரிவாக்க அனுமதி கேட்க நினைத்தார். கிரௌதர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. வலையிலிருந்த ஒவ்வொரு கணினிக்கும் "கிரௌதர்" என்ற பெயருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்! ஆளும் கிடைத்தார், அனுமதியும் கிடைத்தது. பூதம், டிராகன், புதையலில் பெரும்பகுதி, 350 மதிப்பெண் எல்லாம் வுட்ஸ் வைத்த உபயம். நான் ஆடியது இதைத்தான்.

உன்னிடம் அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் "என் அப்பா ஒரு குகை செய்திருக்கிறார்" என்று பெருமை அடித்தபோது எனக்கு வாய் வரவில்லை.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். எரிக் ரேமண்ட் என்பவர் மூல ஆசிரியர்கள் இருவரின் சம்மதத்தோடு 2017-இல் இதை ஓப்பன் அட்வென்ச்சர் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டிருக்கிறார். அதில் மதிப்பெண் 430. வுட்ஸ் பின்னால் பெரிதாக்கிய பதிப்பு. மாப்பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கணினியில் ஏற்றிக் கொடுப்பார்.

தொடங்கியதும் "விளக்கக் குறிப்பு வேண்டுமா" என்று கேட்கும். பேரன் வீரமாக வேண்டாம் என்பான். வேண்டும் என்று அடிக்கச் சொல். ஐந்து மதிப்பெண் குறையும். ஆனால் அவனைப் புதியவன் என்று இரக்கப்பட்டு விளக்கின் ஆயுளை 330 கட்டளையிலிருந்து 1000 கட்டளையாக ஏற்றிவிடும். இது எனக்குத் தெரியாமல் பல மதிய இடைவேளைகள் இருட்டில் முடிந்தன. விளக்கு அணைந்த பிறகு நடந்தால் குழியில் விழுந்து எலும்பெல்லாம் நொறுங்கலாம். செத்தால் உயிர்ப்பித்துத் தரட்டுமா என்று கேலியாகக் கேட்கும். அதற்கும் மதிப்பெண் போகும்.

கட்டளை இரண்டே சொல்: வினை, பிறகு பொருள். "கெட் லாம்ப்" (விளக்கை எடு), "அன்லாக் கிரேட்" (கம்பிக் கதவைத் திற), "டிராப் ராட்" (கோலைக் கீழே போடு). திசைக்கு என், எஸ், இ, டபிள்யூ என்று ஓர் எழுத்து போதும். ஏற இறங்க யூ, டி. இன்னொரு நுணுக்கம்: அது ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் பார்க்கும். "நார்த்ஈஸ்ட்" என்று முழுதாக அடித்தால் "நார்த்" என்று எடுத்துக்கொண்டு வடக்கே தள்ளிவிடும். வடகிழக்குக்கு என்இ என்றே அடிக்க வேண்டும். பாதி கேட்டுவிட்டுத் தலையாட்டுகிற குமாஸ்தா போல என்று வைத்துக்கொள். நானும் அந்த ரகக் குமாஸ்தாவாக இருந்தவன்தான்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, பாம்பு கட்டத்தில்தான் நாம் சண்டை போட்டோம். மலையரசன் கூடத்தில் ஒரு பெரிய பச்சைப் பாம்பு வழியை மறித்துப் படுத்திருக்கும். உன் கையில் நுனியில் துருப்பிடித்த நட்சத்திரம் வைத்த ஒரு கறுப்புக் கோல், பிரம்புக் கூண்டு, இன்னும் சில. வழியில் ஒரு சிறு பறவையைப் பார்த்திருந்தாய். பிடிக்கப் போனால் பயந்து விலகியது. நீ பாம்பைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. "பால் வை" என்றாய். போன வாரம்தான் பாட்டி உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் புற்றுக்குப் பால் ஊற்றியிருந்தாள். நான் கணினி அல்லவா? கணினிக்குப் பால் தெரியாது. "அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை" என்றேன். நீ திரும்பவும் "பாம்புக்குப் பால் வை" என்றாய். "புரியவில்லை." மூன்றாம் முறை அழுதுவிட்டாய். அம்மா உள்ளேயிருந்து "புயலுக்குள்ளே ஒரு புயலா?" என்று கத்தினாள்.

விளையாட்டில் பாலே கிடையாது என்பது உண்மை. ஆனால் உன்னிடம் அப்போதே விளக்கியிருக்க வேண்டியது இதுதான்: எழுதினவர் முன்கூட்டியே நினைத்து வைத்த சொற்கள் மட்டும்தான் அதற்குத் தெரியும். புரியவில்லை என்று சொன்னால் உன் எண்ணம் தப்பு என்று அர்த்தமில்லை. அதே எண்ணத்துக்கு வேறு சொல் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் பொருளை மாற்று. ஓர் இடத்துக்குள் நுழைந்ததும் வர்ணனையை இரண்டு தடவை நிதானமாகப் படி. பறவை ஏன் பயந்தது என்று கேட்டிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். அப்போது உன் கையில் என்ன இருந்தது? அந்தக் கறுப்புக் கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தால் பறவையைப் பிடித்துக் கூண்டில் அடைக்கலாம். அந்தப் பறவைதான் பாம்பைத் துரத்துகிறது. பேரனிடம் இதைச் சொல்லிவிடாதே. அரை மணி நேரமாவது அவன் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

டிராகனைப் பற்றி உன்னிடமும் சொல்ல மாட்டேன். அதை எழுதினவன் குறும்புக்காரன். அது ஒரு கேள்வி கேட்கும். கேள்வி என்றால் பதில் சொல்லலாம் அல்லவா?

இனி வரைபடம். பென்சிலும் பெரிய தாளும் இல்லாமல் இந்த விளையாட்டைத் தொடுவதில் பயனில்லை என்பது என் கருத்து. திரையில் எல்லாம் காட்டுகிற விளையாட்டுகளில் வளர்ந்த பிள்ளைக்கு இது முதலில் கசக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் சிறு வட்டம், போகும் வழிக்குக் கோடு. நான் முதலில் தாயக்கட்டம் போலச் சதுரம் சதுரமாகப் போட்டேன். நான்காம் அறையிலேயே தாள் தீர்ந்தது. காரணம், குகை நேர் இல்லை. மேற்கே போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து கிழக்கே திரும்பினால் பழைய இடத்துக்கு வருவாய் என்று நிச்சயமில்லை. ஆகவே கோட்டின் இரண்டு முனையிலும் தனித்தனியாகத் திசையைக் குறிக்க வேண்டும்.

வளைந்து நெளிந்து ஒன்றுபோலவே இருக்கும் வழிகள் வரும் இடத்தில் வர்ணனை எல்லா அறையிலும் ஒரே வாசகம். எந்த அறை எது? கையிலிருப்பதை அறைக்கு ஒன்றாகப் போட்டு வை. மறுபடி வரும்போது "இங்கே சாவி கிடக்கிறது" என்று சொல்லும், சாவி அறை என்று எழுதிக்கொள். கையில் புதையல் இருந்தால் கவனம், ஒரு கொள்ளையன் வந்து பறித்துக்கொண்டு போவான். ஏழு பொருளுக்கு மேல் சுமக்க முடியாது என்பதையும் கணக்கில் வை. புதையலெல்லாம் செங்கல் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால்தான் முழு மதிப்பெண். அடிக்கடி நடக்க அலுப்பாக இருந்தால், குகைச் சுவரில் எழுதியிருக்கும் ஒரு விசித்திரச் சொல்லைக் கவனி: எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய். அடித்துப் பார்க்கச் சொல். அன்று நீ அதைச் சொல்ல வராமல் "சிசி" என்றாய்; நான் ஒப்புக்கொண்டு உன்னை வீட்டில் இறக்கிவிட்டேன்.

அன்றிரவு விளக்கில் எண்ணெய் தீர்ந்து திரி கருகியபோது "என் விளக்கு மங்குகிறது" என்று நீ கிசுகிசுத்தாய். விளையாட்டிலும் அப்படித்தான் எச்சரிக்கை வரும், அது உனக்குத் தெரியாது. நான் கணினி வேலையை விட்டுவிட்டு எழுந்து போய் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தேன். விதிப்படி பார்த்தால் நீ குழியில் விழுந்திருக்க வேண்டும்.

பழைய கணக்கு நோட்டில் நான் போட்ட வரைபடம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. கரப்பான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, கோடுகள் தெரிகின்றன. நாளை தபாலகம் போகிறேன், மொன்றியலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். மூன்றாம் பக்கத்தில் பாம்புக்கான விடை எழுதியிருக்கிறது, அதை மட்டும் கிழித்து நீ வைத்துக்கொள். அதன் பின்பக்கத்தில் உன் கிறுக்கல் ஒன்று இருக்கிறது. பச்சைக் கிரயானில் பாம்பு, பக்கத்தில் ஒரு டம்ளர்.

அன்புடன்,
அப்பா